குடல் ஆபரேஷனுக்கு முன் கஞ்சி மட்டும் போதாது

பெருங்குடலில் புற்று என்று தெரிந்த அன்றே பல வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடுகிறது. முட்டையும் மீனும் சீழ் வைக்கும், சத்தாகச் சாப்பிட்டால் கட்டிதான் வளரும் என்று வந்து பார்ப்பவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நோயாளி வெறும் அரிசிக்கஞ்சி குடித்தே, ஆபரேஷன் தேதி வருவதற்குள் பாதியாகிவிடுகிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கட்டியுள்ள பகுதியை வெட்டியெடுத்த பின் குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆற உடம்பில் புரதம் வேண்டும். சத்துக் குறைந்தவர்களுக்குத் தையல் விட்டு மலம் வயிற்றுக்குள் கசியும் ஆபத்தும், புண் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதிகம். கசிந்தால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன், உயிரும் போகலாம். பருமனானவர்கள் இது நமக்கில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆறு மாதத்தில் 80 கிலோவிலிருந்து 70-க்கு இறங்கியவர், பார்க்கக் குண்டாகத் தெரிந்தாலும் சத்திழந்தவர்தான்.

ஆறு மாதத்தில் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே போவது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இறங்குவது ஆகியவை அபாய அறிகுறிகள். இப்படிப்பட்டவர்களுக்கு, குடல் அடைப்பு போன்ற அவசரம் இல்லையென்றால், 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுத்த பிறகே பெரிய ஆபரேஷன் செய்யலாம் என்கின்றன ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள். புற்றுநோய்க்கும் இது பொருந்தும். ஆனால் நம் கேஸ் ஷீட்டுகளில் எடைக்கான கட்டமே காலியாகக் கிடக்கிறது! எடை மெஷின் வார்டிலேயே இருக்கிறது. நோயாளியை ஏற்றி நிறுத்த ஒரு நிமிடம் ஆகாது.

ஆகவே நீங்களே கேளுங்கள். இன்றைய எடை, ஆறு மாதத்துக்கு முந்தைய எடை, உயரம், ஆல்புமின், ஹீமோகுளோபின் ஐந்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனையின் உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றால், 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் உண்டு. கஞ்சியில் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடல் அடைப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். கடன் வாங்கி ஆல்புமின் பாட்டில் ஏற்றுவது சாப்பாட்டுக்கு ஈடாகாது.

ஆபரேஷன் செலவுக்கு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. வீட்டில் ஒருவர் அலையட்டும், இன்னொருவர் நோயாளியைச் சாப்பிட வைக்கட்டும். அட்டைக்காக அலையும் இந்த நாட்களில்தான் உடம்பு கரைகிறது.

ஆபரேஷனுக்குப் பின் மருத்துவர் சாப்பிடச் சொன்னால், பயந்து தடுக்காதீர்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், வயிற்று உப்புசம், கூடிக்கொண்டே போகும் வலி, படபடப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.