கார் பெயின்டின் பலம் கடினத்தில் இல்லை

புதுக் கார் வாங்கிச் சில மாதம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போதும், பானெட்டின் முன்விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பெயின்ட் பெயர்ந்திருப்பது கண்ணில் படும். "இப்போதெல்லாம் தண்ணி பெயின்ட்தான் அடிக்கிறார்கள், அந்தக் காலத்துப் பெயின்ட் மாதிரி வருமா?" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். அதற்கு மருந்தாக, '9எச் கடினம்' கொண்டது என்று சொல்லிச் செராமிக் கோட்டிங்கை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். தீர்ப்பும் சரியில்லை, மருந்தும் சரியில்லை. பறந்து வரும் கல்லைப் பெயின்ட் தாங்குவது அதன் கடினத்தால் அல்ல. அடியை உள்வாங்கும் நெகிழ்வும், அடுக்குகள் ஒன்றை ஒன்று விடாமல் பற்றியிருக்கும் பிடிப்பும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. இந்த இரண்டுமே நம் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளில் இருக்கின்றன.

தொழிற்சாலையில் காரின் வெற்றுக் கூட்டை முதலில் கழுவி, தகடு பெயின்டைப் பிடித்துக்கொள்வதற்காகப் பாஸ்பேட் போன்ற ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள். பிறகு கூடு முழுவதையும் பெயின்ட் தொட்டிக்குள் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தூரிகையோ ஸ்ப்ரே துப்பாக்கியோ எட்டாத மூலைமுடுக்குகளிலும் சுமார் 20 மைக்ரான் கனத்தில் ஒரு படலம் படிகிறது. துருவைத் தடுக்கும் இந்த ஈ-கோட்டை 170 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் சுடுகிறார்கள். அதன்மேல் சுமார் 30 மைக்ரான் பிரைமர், 15 மைக்ரான் அளவில் நிறம், 40 மைக்ரான் அளவில் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் ஒன்றிரண்டு தலைமுடியின் கனம்தான். இதில் வாங்குபவர் பார்ப்பது மேலே உள்ள இரண்டை மட்டும். கல்லின் வேகத்தை உள்வாங்குவதும், வெயிலின் புற ஊதாக் கதிர் ஈ-கோட்டைத் தொடாமல் மறைப்பதும் நடுவில் இருக்கும் பிரைமரின் வேலை.

அந்த நடு அடுக்கை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய சாட்சியம் இருக்கிறது. 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அங்கே பல கார்களும் பிக்-அப் வண்டிகளும் பிரைமர் இல்லாமல், ஈ-கோட்டின் மேலேயே நிறம் அடித்து வெளிவந்தன. மெல்லிய நிற அடுக்கைக் கடந்து சென்ற புற ஊதாக் கதிர், எபாக்சியால் ஆன ஈ-கோட்டின் மேற்பரப்பை மாவாக உதிர வைத்தது. பிடிமானம் போனதும் பானெட்டிலும் கூரையிலும் பெயின்ட் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. நிறமும் கிளியர் கோட்டும் நன்றாகத்தான் இருந்தன, அவை நிற்க இடம்தான் இல்லாமல் போனது.

கடினம் காவல் அல்ல என்பதைக் கல்லடிச் சோதனையும் சொல்கிறது. எஸ்ஏஇ ஜே400 என்ற முறையில், 9.5 முதல் 16 மில்லிமீட்டர் வரையுள்ள கூழாங்கற்களை அரை லிட்டர் அளவு எடுத்து, 70 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் பெயின்ட் பூசிய தகட்டின்மேல் வீசுகிறார்கள். தளர்ந்த சில்லுகளை ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்து, எத்தனை சில்லு, எவ்வளவு பெரிது, எந்த அடுக்குக்கும் எந்த அடுக்குக்கும் நடுவே பிரிந்தது, தகடு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தகட்டைக் குளிர வைத்தும் சோதிப்பதுண்டு. குளிரில் பெயின்ட் இன்னும் விறைப்பாகிறது. கடினம்தான் காவல் என்றால் அப்போது அது கூடுதலாகத் தாங்க வேண்டும். ஆனால் அப்போதுதான் அதிகம் பெயர்கிறது.

அப்படியானால் 9எச் கோட்டிங் பொய்யா? பொய்யில்லை, அது வேறு வேலைக்கானது. 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். அந்தக் கோட்டிங்கின் ஒன்றிரண்டு மைக்ரான் படலம் தண்ணீரை உருட்டிவிடும், கழுவுவதை எளிதாக்கும், கல்லை நிறுத்தாது. கல்லைத் தடுப்பது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் சுழலிகளைக் காக்க உருவான படத்தின் வாரிசு இது. இது காப்பாற்றுவதற்குக் காரணமே மென்மையும் கனமும்தான். கனம்தான் பலம் என்றால் பெயின்டையே கூடுதலாக அடிக்கலாமே என்று கேட்கலாம். ரப்பர்போல் நெகிழும் படத்துக்குப் பொருந்துவது, இறுகிய பெயின்டுக்குப் பொருந்தாது. அடுக்குமேல் அடுக்காக ஏற்றினால் உள்ளிறுக்கம் கூடி வெடிக்கும். பட்டி பார்த்துப் பலமுறை அடித்த கதவுகளில் பெரிய பெரிய செதிலாகப் பெயர்வது இதனால்தான்.

தண்ணீர் கலந்த பெயின்ட்மீதான குற்றச்சாட்டிலும் நியாயம் குறைவு. கரைப்பான் புகையைக் குறைக்கவே அது வந்தது. சூளையில் தண்ணீர் ஆவியாகிவிடும், மிஞ்சுவது ரெசின் படலம். பழைய பெயின்டைப் புகழ்கிறவர்கள், அந்தக் கார்களின் கதவடிகள் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து ஓட்டையானதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு கவலை நியாயமானது. செலவையும் எரிசக்தியையும் மிச்சப்படுத்த, தனிப் பிரைமரையும் அதன் சூளையையும் கைவிடும் முறைகள் இன்று பரவியுள்ளன. பிரைமரின் வேலையை நிறத்தின் முதல் பூச்சு ஏற்கும்படி வடிவமைத்தால் இது தவறில்லை. வேலையையே விட்டுவிட்டால் அமெரிக்கக் கதை திரும்பும்.

பார்க்கிங்கில் பக்கத்துக் கார்க் கதவு இடித்து விழும் ஒடுக்கு வேறு கணக்கு. அங்கே தாங்குவது சுமார் 0.7 மில்லிமீட்டர் தகடு. பல கார்களின் வெளித் தகடு, பெயின்ட் சூளையின் சூட்டிலேயே கூடுதல் உறுதி பெறும் எஃகு. பெயின்ட் தகட்டோடு சேர்ந்து வளைந்து, வெடிக்காமல் இருந்தால், பின்னாலிருந்து தள்ளியே ஒடுக்கெடுக்கலாம், திரும்பப் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. இங்கும் கைகொடுப்பது நெகிழ்வுதான்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் தெளிவானது. வயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய காரை எந்த ஒர்க் ஷாப்பும் 170 டிகிரியில் சுட முடியாது, அங்கே சூடு 60 டிகிரி அளவில்தான். தொழிற்சாலையின் ஈ-கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டால் அது திரும்ப வராது. ஆகவே நாலு புள்ளிக்காகப் பானெட் முழுவதையும் தேய்த்து அடிப்பது நஷ்டம். தகடு தெரிகிற இடத்தைச் சுத்தம் செய்து உடனே டச்-அப் வைப்பதே சரி, உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் நிற்கும் கல் மோதும் ஆற்றல் இரண்டே கால் மடங்காகும், எனவே ஜல்லி லாரிக்குப் பின்னால் இடைவெளி விடுவதற்கு ஈடாக எந்தக் கோட்டிங்கும் இல்லை. வாங்கும்போது, தகடு துருத்துளை விழாமல் இருக்க எத்தனை ஆண்டு வாரண்டி, பிரைமர் தனி அடுக்கா என்று கேளுங்கள். மைலேஜை எழுதித் தரும் நிறுவனங்கள், அடுக்குகளின் மைக்ரானையும் கல்லடிச் சோதனை மதிப்பையும் எழுதித் தர வேண்டும். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் அது நடக்கும்.