இடிபடாத திண்ணை: ‘கடை’க்குச் சட்டம் தரும் பொருள்

ஓட்டுக்கூரை, தெருவை நோக்கிய திண்ணை, கழற்றி மாட்டும் பலகைக் கதவு: மேச்சேரி போன்ற சிற்றூர்களில் பழைய கடைகளின் அமைப்பு இது. தமிழகத்தின் பல ஊர்களில் அந்தத் திண்ணையே தீண்டாமையின் எல்லையாகவும் இருந்தது. தலித் மக்கள் தெருவில் நின்றே பொருள் வாங்கினர். இன்று திண்ணை போய் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. மளிகைக் கடை கைப்பேசிக் கடையாகிவிட்டது.

சட்டம் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. நாடி வருவோருக்குச் சேவை வழங்கும் இடம் எதுவும் கடையே என்று 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். அரசமைப்பின் உறுப்பு 15(2)ஐ அவ்வாறே படிக்க வேண்டும்.

ஆனால் நுழைவது பாதி உரிமைதான். கடை வைத்துத் தொழில் நடத்துவது மறுபாதி. தீண்டாமையின் பெயரால் இவற்றில் எதைத் தடுத்தாலும், 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். வாடகைக்குக் கடை கேட்பவரின் சாதியை விசாரிக்கும்வரை திண்ணை இடிபடவில்லை என்றே பொருள்.