காத்திருப்பதில் கழிந்துவிடும் காலம்



குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அந்த ஓசை அக்குழந்தைக்குக் கேட்டதா என்று சோதித்துப் பார்த்தோமா? காது கேளாத குழந்தையும் அழும், சிரிக்கும், முகம் பார்க்கும். ஆகவே குறை வெளியில் தெரிவதில்லை. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று நாம் கவலைப்படும்போது, மொழியைக் கற்பதற்குரிய பொன்னான காலத்தின் பெரும்பகுதி கழிந்து விடுகிறது. 1 மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் நோய் உறுதி, 6 மாதத்திற்குள் சிகிச்சை என்பதே மருத்துவர்கள் வகுத்துள்ள வரையறை.

எந்தக் குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை? 37 வாரங்களுக்கு முன் பிறந்தவை, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடையவை, பிறந்தவுடன் மூச்சுத் திணறியவை, கடும் மஞ்சள் காமாலையோ வலிப்போ மூளைக் காய்ச்சலோ கண்டவை. நெருங்கிய உறவில் மணம் முடித்தோரின் பிள்ளைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பும் சற்று அதிகம். இவை இருந்தால் குறை வந்தே தீரும் என்பதல்ல; விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதே பொருள்.

4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் தானாக உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கற்ற சொற்களைக் குழந்தை மறந்துபோனால் உடனே செல்லுங்கள்.

"இவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பரிசோதித்துக் குறையில்லை என்று அறிவதால் நாம் இழப்பது ஒருநாள் பொழுதே. பரிசோதிக்காமல் விட்டால் பிள்ளை இழப்பதோ ஆண்டுகளை. தைராய்டு சுரப்புக் குறைவுடன் பிறந்த குழந்தைக்கு முதல் இரு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால், மூளை வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே அமைகிறது. மாதங்கள் கடந்தபின் அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம்.

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி ஆகியவை அங்கு இலவசம். அங்கே கற்பதை வீட்டில் தாயும் தந்தையும் அன்றாடம் தொடர வேண்டும். விளையாட்டும் பேச்சுமே மருந்து; கைப்பேசியன்று.

குறையை மறைக்காதீர்கள், தாயைப் பழிக்காதீர்கள். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். துஆச் செய்யுங்கள், அத்துடன் மருத்துவரிடமும் செல்லுங்கள்.