சனிக்கிழமை தோறும் பரங்கிமலை ஏறும் பூக்காரம்மா!
குடியில் விழுந்த கணவருக்காக வைத்த வேண்டுதல். மாதா சன்னதியில் கிடைத்த மன தைரியம்

சென்னை,

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு அந்த மலை புதிது அல்ல. கிண்டியைத் தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் எட்டிப் பார்க்கும். உச்சியில் வெள்ளையாக ஒரு கோவில். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம். "பரங்கிமலை வந்துடுச்சு, எறங்குப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கூட்டத்தில் இடித்துக் கொண்டு இறங்குவோம். மலையை மறந்து விடுவோம்.

ஆனால் அந்த மலையை ஒரு வாரம்கூட மறக்காத பெண் ஒருவர், ரெயில் நிலையத்துக்கு வெளியே கூடை வைத்து பூ விற்கிறார். வயது 54. மல்லி, கனகாம்பரம், கதம்பம். முழம் அளப்பதில் தாராளம். சனிக்கிழமை மட்டும் காலையில் கூடை இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

"எங்கேம்மா போறீங்க?" என்று கேட்டோம். விரலால் மலையைக் காட்டினார்.

பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு தன் கதையை சொன்னார். குடியால் சீரழியும் வீடுகள் நகரில் எத்தனையோ. அவர்களில் நாலு பேருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் சொல்ல சம்மதித்ததாக கூறினார்.

ஆட்டோ போச்சு, தாலியும் போச்சு

கணவர் ஆட்டோ டிரைவர். கல்யாணமான புதிதில் நல்ல மனிதர். நல்லது கெட்டதுக்கு என்று ஆரம்பித்த குடி, பிறகு ராத்திரி சவாரி முடிந்ததும் என்றானது. கடைசியில் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை.

"வட்டி கட்டலைன்னு பைனான்ஸ்காரர் ஆட்டோவை எடுத்துட்டு போயிட்டாரு. தாலிச் சங்கிலி அடகுக்கு போச்சு. மஞ்சள் கயிறோட பூ கட்ட உட்கார்ந்தேன். தண்டல்காரன் சாயங்காலம் வந்து நிப்பான். என் மக ஸ்கூல் பீஸுக்கு எடுத்து வெச்ச பணத்தை இவரு அரிசி டப்பாவுல இருந்து எடுத்துட்டு போனாரு. அன்னிக்கு நான் அழலை சார். அழுது தீர்ந்து போச்சு."

அந்த வாரம்தான் முதன்முதலில் மலை ஏறினாராம். பிறந்ததில் இருந்து கிறிஸ்தவர். அடிவாரத்தில்தான் குடியிருப்பு. ஆனாலும் திருவிழாவுக்கு தவிர ஏறியது கிடையாது.

"வேண்டிக்கிறதுக்குன்னு கூட போகலை. யார்கிட்டயாவது சண்டை போடணும்னு இருந்துச்சு. மாதா முன்னாடி நின்னு, 'உனக்கு கண்ணு இல்லையா'ன்னு கேட்டேன். யாரும் என்னை திட்டலை. திரும்பி வரும்போது மனசு கொஞ்சம் லேசா இருந்துச்சு. அடுத்த சனிக்கிழமையும் போனேன்."

சந்தேகப்பட்டவரின் மலை

மாதாவிடம் சண்டை போடுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த மலை யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏசுவின் 12 சீடர்களில் ஒருவர் தோமையார். ஏசு உயிர்த்தெழுந்து விட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று நின்றவர். 8 நாள் கழித்து ஏசு அவர் முன்னால் வந்து, காயத்தை தொட்டுப் பார்க்கச் சொன்னார் என்கிறது யோவான் எழுதிய நற்செய்தி. சந்தேகப்பட்டதற்காக அவரை சீடர் கூட்டத்தில் இருந்து தள்ளவில்லை. அந்த தோமையார் இந்தியாவுக்கு வந்து, கி.பி. 72-ல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் விட்டார் என்பது கிறிஸ்தவர்களின் மரபு.

மலையின் உயரம் சுமார் 300 அடி. உச்சியில் உள்ள கோவில் போர்த்துகீசியர் காலத்தில், 16-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. குழந்தை பிறப்புக்காக காத்திருக்கும் மாதாவின் பெயரில் உள்ள கோவில் அது. டிசம்பர் 18-ந் தேதி திருவிழா. காத்திருப்பவர்களுக்கு என்றே அமைந்த கோவில் என்று சொல்லலாம். 1986-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி போப்பாண்டவர் 2-ம் ஜான்பால் சென்னை வந்தபோது இங்கும் வந்து ஜெபித்தார்.

ஏறிப் போக 130-க்கும் மேற்பட்ட படிகள். அதைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில், 1726-ல் அடையாற்றின் மேல் பழைய பாலத்தை கட்டியவரும் அவரே. மலைக்கு வருகிறவர்கள் ஆற்றில் இறங்கி கஷ்டப்படக் கூடாது என்று சொந்தப் பணத்தை கொட்டினார். வெளிநாட்டில் இருந்து பிழைக்க வந்த வியாபாரி போட்டுக் கொடுத்த வழியில்தான் நம் பூக்காரம்மா இன்றும் ஏறுகிறார்.

கடை மூடியது, வலிப்பு வந்தது

வருடக் கணக்கில் ஏறினார். கணவர் மாறவில்லை.

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி கொரோனா ஊரடங்கு வந்தது. மதுக்கடைகளை மூடினார்கள். கோவில்களும் சர்ச்சுகளும்கூட மூடப்பட்டன.

"கடை மூடிட்டாங்கன்னதும் எனக்கு சந்தோஷம் தாங்கலை. ஆண்டவர் என் ஜெபத்தை கேட்டுட்டாருன்னு நெனைச்சேன். அக்கம் பக்கத்துல, 'வீட்டுக்குள்ள வெச்சு பூட்டு, மூணு நாள் ஜெபம் பண்ணு, தானா சரியாயிடும்'னாங்க. பூட்டினேன் சார். ரெண்டாம் நாள் ராத்திரி கை கால் இழுத்துக்குச்சு. வாயில நுரை. யாரோ சுவத்துல நடக்கிறாங்கன்னு கத்துறாரு. நான் ஜெபமாலையை வெச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கிறேன்."

பயந்து போய் தெரிந்த பாதர் ஒருவருக்கு போன் போட்டார். ஜெபம் பண்ணச் சொல்வார் என்று எதிர்பார்த்தார். பாதர் போட்டார் ஒரு சத்தம்:

"ஜெபத்தை நான் பாத்துக்கிறேன். நீ முதல்ல 108-க்கு போன் போடும்மா!"

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது.

பல வருடம் தினமும் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்து ஆகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். இதை வீட்டில் பூட்டி வைத்து வைத்தியம் பார்க்கிறவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு நாள் அந்த பாதர் விளக்கம் சொன்னாராம். மலைக் கோவிலில் உள்ள பழைய மாதா படத்தை வரைந்தவர் லூக்கா என்பது மரபு. அந்த லூக்கா யார்? பைபிளே அவரை வைத்தியர் என்றுதான் சொல்கிறது. கத்தோலிக்கர் பைபிளில் உள்ள சீராக் ஆகமத்தின் 38-ம் அதிகாரம், வைத்தியரை மதிக்க வேண்டும், அவரைப் படைத்ததும் கடவுள்தான் என்று போதிக்கிறது. "டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைச்சல்னு யாராவது சொன்னா, லூக்காவை காட்டு" என்றாராம் பாதர்.

53 மணி, 53 படி

மலைக்கு போக முடியாத அந்த மாதங்களில் என்ன செய்தார்?

"சனிக்கிழமை மொட்டை மாடிக்கு போவேன். அங்கேர்ந்து மலை தெரியும். 53 மணி ஜெபமாலை இருக்கே, ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு படின்னு நெனைச்சுக்குவேன். மூணு மாலை சொன்னா உச்சிக்கு போயிட்ட மாதிரி."

கணவர் அந்த 5 மாதமும் குடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பூ கட்டக் கற்றுக் கொண்டார். மகளோடு தாயம் விளையாடினார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆகஸ்டு 18-ந் தேதி சென்னையில் மதுக்கடைகள் திறந்தன. பெரிய கோவில், சர்ச், மசூதிகள் திறக்க செப்டம்பர் 1-ந் தேதி ஆனது. ஆண்டவன் கதவுக்கு 14 நாள் முன்பே அந்தக் கதவு திறந்து விட்டது. திறந்த அன்றே கணவர் வரிசையில் போய் நின்று விட்டார்.

மூன்று தடவை விழுந்தவர்

"அன்னிக்கு நான் முடிவு பண்ணிட்டேன். இனிமே மலையும் வேணாம், மாதாவும் வேணாம்னு. மக கையை புடிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு போயிட்டேன். கோவில் தெறந்த அப்புறம் ஒரு சனிக்கிழமை, கால் பழக்கத்துல மலைப் பக்கம் போச்சு."

மலைப்படிகளின் ஓரத்தில் ஏசு சிலுவை சுமந்து போன காட்சிகள் 14 ஸ்தலங்களாக இருக்கின்றன. சிலுவைப்பாதை என்று சொல்வார்கள். அதில் 3-வது, 7-வது, 9-வது ஸ்தலங்களில் ஏசு கீழே விழுகிறார். மூன்று தடவையும் எழுந்து நடக்கிறார்.

"எத்தனை வருஷமா அதை தாண்டி ஏறியிருக்கேன், கவனிச்சதே இல்லை. அன்னிக்கு 7-வது ஸ்தலத்துல மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பாத்தா, சாமி குப்புற கெடக்கிறாரு. ஆண்டவரே ரெண்டாவது வாட்டி விழுந்து கெடக்கிறாரு. எங்க வீட்டுக்காரரு ஒரு வாட்டி விழுந்ததுக்கு நான் உறவே வேணாம்னு சொல்லிட்டேனேன்னு தோணிச்சு. ஆனா ஒண்ணு சார். போய் அவருக்கு சாராயத்துக்கு காசு கொடுக்கணும்னு தோணலை. எழுந்திருக்க கை கொடுக்கணும், கூட சேர்ந்து விழக் கூடாதுன்னு தோணிச்சு."

அதன்படி நடந்தார். காசு தர மாட்டேன், அடித்தால் போலீசுக்கு போவேன், சிகிச்சைக்கு வந்தால் கூட வருவேன் என்று கணவரிடம் மூன்றே பேச்சு. கணவர் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கிருந்த ஒருவர் 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்கு அழைத்துப் போனார்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருக்கும் இயக்கம் அது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். எந்த மதத்தினரும் போகலாம். ஆயுளுக்கும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன் என்றால் போதும். நாளைக்கு மறுபடி அதே வார்த்தை.

2022-ல் கணவரின் தாயார் இறந்தபோது, சாவு வீட்டில் மீண்டும் ஒரு தடவை விழுந்தார். இந்த முறை மறுநாள் காலையில் அவராகவே கூட்டத்துக்கு போய், "நேத்து குடிச்சிட்டேன்" என்று எழுந்து நின்று சொன்னார். அதற்குப் பிறகு இன்று வரை தொடவில்லை. இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறார்.

மூணாவது தடவை பற்றி பயம் இல்லையா என்று கேட்டோம். சிரித்து விட்டார் பூக்காரம்மா.

"இல்லாம இருக்குமா? தெனம் ராத்திரி ஆட்டோ சத்தம் கேக்கிற வரைக்கும் பயம்தான். மூணாவது வேணாம்னுதானே இன்னும் ஏறிக்கிட்டிருக்கேன்!"

நம்பிக்கைக்கு இரண்டு பெயர்

கத்தோலிக்கர்கள் ஞான உபதேசத்தில் மூன்று புண்ணியங்களை படிப்பார்கள். பழைய புத்தகங்களில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று இருக்கும். இப்போது இரண்டாவதை எதிர்நோக்கு என்று சொல்கிறார்கள். 2025-ம் ஆண்டை ரோமாபுரியில் யூபிலி ஆண்டாக கொண்டாடியபோது, 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்பதுதான் உலகம் முழுவதும் கோஷம்.

பூக்காரம்மாவிடம் இதற்கு அர்த்தம் கேட்டோம். கை பூ கட்டிக் கொண்டே இருந்தது.

"அதெல்லாம் பாதரைக் கேளுங்க. எனக்கு தெரிஞ்சது, கோயம்பேட்டுல விடியக்காலை மொட்டா வாங்குறேன். அது பூவா மலரும்னுதானே கடன் சொல்லி வாங்குறேன்? சில நாள் மழை வந்து எல்லாம் அழுகிப் போயிடும். அதுக்காக மறுநாள் மார்க்கெட்டுக்கு போகாம இருக்க முடியுமா?"

சாயங்காலம் ஆறரை மணி. தாம்பரம் ரெயில் வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. ஓரமாக ஒரு ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி வந்து, எதுவும் பேசாமல் கூடைக்கு பக்கத்தில் உட்கார்ந்தார். வாழைநாரை எடுத்தார். மல்லியை இரண்டு இரண்டாக வைத்து கட்ட ஆரம்பித்தார்.

விரல்கள் நடுங்கவில்லை.

"நெருக்கமா கட்டுய்யா, முழம் நிக்காது" என்று அதட்டினார் பூக்காரம்மா.