கருவி புதிது, பண் பழையது

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையம் ஓயாத ஒலிகளின் உறைவிடம். ஊர்திகளின் முழக்கமும், ஊர்ப்பெயர் கூவும் நடத்துநர் குரலும், பூ விற்பாரின் அழைப்பும் அங்கு ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஒருநாள் மாலை, திருவரங்கம் செல்லும் பேருந்தை எதிர்நோக்கி யான் அங்கு நின்றிருந்தேன். அண்மையிலிருந்த கடையின் ஒலிபெருக்கி வழியே இன்னிசை ஒன்று எழுந்தது. அருகே நின்ற மாணவர் இருவருள் ஒருவன், "இது வீணை" என்றான். மற்றவன், "அன்று, இது கிதார்" என்றான். பின்னர் இருவரும் என்னை நோக்கினர். "இரண்டும் அன்று, இது மாண்டலின்" என்றேன். "மேனாட்டுக் கருவியில் நம் இராகத்தை இசைக்க இயலுமோ, ஐயா?" என்று அவர்கள் வினவினர். யானும் என் இளமையில் அவ்வாறே ஐயுற்றவன். அவ்வையத்தைப் போக்கிய கலைஞரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மாண்டலின் இத்தாலி நாட்டில் வளர்ந்த நரம்புக்கருவி. அதன் கழுத்து குறுகியது. இரண்டிரண்டாக இணைந்த எட்டுக் கம்பிகள் அதில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். சிறு தகட்டால் மீட்டியவுடன் எழும் ஒலி நொடிப்பொழுதில் அடங்கிவிடும். நம் இசைக்கோ கமகமே உயிர். ஒரு சுரத்தை அசைத்தும், வழுக்கியும், அடுத்த சுரத்தோடு இழைத்தும் இசைப்பதே கமகம். வீணையிலும் மெட்டுகள் உண்டு. ஆயினும், கம்பியை இழுத்துக் கமகம் எழுப்ப அதில் இடமுண்டு. ஒலியும் நெடிது நிற்கும். மாண்டலினில் இவ்விரு வாய்ப்பும் அரிய. ஆதலின், அது கருநாடக இசைக்கு ஏலாது எனப் பலர் கருதினர்.

இத்தடையை நீக்கியவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். இவர் 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஆந்திர நாட்டுப் பாலகொல்லு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சத்தியநாராயணா ஓர் இசைக் கலைஞர். ஆறு வயதில் தந்தையாரின் மாண்டலினை எடுத்து இசைக்கத் தொடங்கிய சிறுவனின் திறம் கண்டு, ருத்ரராஜு சுப்பராஜு என்பார் அவனுக்கு ஆசிரியரானார். இவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். வியப்பு யாதெனின், இவ்வாசிரியர்க்கு மாண்டலின் இசைக்கத் தெரியாது! அவர் பாடுவார், சிறுவன் அப்பாட்டைக் கேட்டு அவ்வண்ணமே கம்பியில் எழுப்ப முயல்வான். மனிதக் குரலே அக்கருவிக்கு இலக்கணமாயிற்று.

குரலில் உள்ள நெகிழ்ச்சியைக் கம்பியில் கொணர, ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினைக் கைக்கொண்டார். இணைக்கம்பிகளை விடுத்து, ஐந்து தனிக்கம்பிகளை அமைத்துக்கொண்டார். மின்கருவி இயங்கும் முறையை அறிதல் நன்று. கம்பிகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருளும் இருக்கும். எஃகுக்கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுபடும்; அதனால் சுருளில் மெல்லிய மின்னோட்டம் தோன்றும். பெருக்கி அதனை வலுவாக்க, ஒலிபெருக்கி மீண்டும் ஒலியாக்கித் தரும். ஆகவே, அடங்கிவரும் நுண்ணொலியும் செவிக்கு எட்டும். ஒருமுறை மீட்டிவிட்டு, விரலை வழுக்கியும் கம்பியை இழுத்தும் எழுப்பும் கமகம் தெளிவாகக் கேட்கும். எனினும், மின்னாற்றல் ஒலியைப் பெருக்குமேயன்றி இசையறிவைத் தாராது. அதனைத் தந்தவை ஆசிரியரின் பாட்டும் மாணவரின் பயிற்சியுமே.

1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராசர் விழாவில் அவர் அரங்கேறினார். 1981இல் சென்னை இசைவிழாவில் இசைத்தபோது, ஐயுற்றோரும் செவிசாய்த்தனர். 1983இல் பெர்லின் நகர ஜாஸ் விழாவில் இசைத்துப் புகழ்பெற்றார். 1995இல் கனடா நாட்டு மைக்கேல் புரூக்குடன் இணைந்து, 'டிரீம்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் மின்னணு ஒலிகளினிடையே நம் இராகங்கள் உலாவின. ஜான் மெக்லாப்ளின், சாகிர் உசேன் முதலியோருடனும் அவர் உலக அரங்குகளில் இசைத்தார். ஆயினும், நம் சபைகளில் அமர்ந்து கீர்த்தனை இசைக்கும்போது மரபின் நெறி வழுவியதில்லை. 1998இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், தம் 45ஆம் வயதில், சென்னையில் அவர் இயற்கை எய்தினார். இசையுலகம் ஆற்றொணாத் துயருற்றது.

அயற்கருவி நம் இசையில் இடம்பெற்றது இதுவே முதன்முறையன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதனை எவரும் அயற்கருவி என்று ஒதுக்குவதில்லை.

இவற்றை யான் கூறி முடிக்குமுன் பேருந்து வந்துவிட்டது. ஏறும்போது அம்மாணவருள் ஒருவன், "ஐயா, அப்படியாயின் எக்கருவியை எடுத்தாலும் நம் இசையை இசைத்துவிடலாமா?" என்று கேட்டான். "முதலில் பாடக் கற்றுக்கொள், தம்பி, பிறகு கருவியைத் தேடு" என்றேன். பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, அவன் மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டு வந்தான்.