உங்களுக்குத் தெரியுமா? வங்கிப் பங்கின் மீதுள்ள பயத்தையும் அளக்கலாம்!

2024 ஜனவரி 16 அன்று எச்டிஎஃப்சி வங்கி, மூன்று மாத நிகர லாபம் ரூ.16,372 கோடி என்று அறிவித்தது. மறுநாளே பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்தது! கடன் வளரும் வேகத்துக்கு டெபாசிட் ஈடுகொடுக்குமா என்ற கவலை லாபத்தையும் மீறி நின்றது.

இத்தகைய கவலையைக் கணிக்க உதவுவது ‘புட்-கால் விகிதம்’. விலை இறங்கினால் பலன் தரும் புட் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை, ஏறினால் பலன் தரும் கால் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 1-ஐத் தாண்டினால் பயம் கூடியிருக்கிறது என்பார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பங்கைக் கையில் வைத்திருப்பவர் பாதுகாப்புக்காகவும் புட் வாங்குவார். விலை சரியாது என்று நம்புபவர்தான் புட்டை விற்பார். ஒரு பங்கின் விகிதத்தை அதன் சில மாத வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. புட், கால் ஒப்பந்தங்களின் எண்ணிக்கைகள் தேசியப் பங்குச்சந்தையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.