மால் போச்சு... வீடு எங்கே? ஒரு நகர மன்றத்தின் கையை மீறிப்போன 50 ஏக்கர்!

சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு கூப்பர்டினோவில் வேலை என்றால், பெரும்பாலும் அது ஆப்பிள் கம்பெனியாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 60,000 மட்டுமே. இந்தியக் குடும்பங்கள் நிறைய. நல்ல பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். ஆனால், அங்கே வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வாங்குகிற சம்பளம் எங்கே போகிறது என்று!

இந்த ஊரில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் 50 ஏக்கர் நிலம். அதில் என்ன கட்டுவது என்று முடிவெடுக்க நகர மன்றம் ஆண்டுக்கணக்கில் திணறியது. கடைசியில், முடிவெடுக்கும் அதிகாரமே அதன் கையைவிட்டுப் போய்விட்டது.

வெறிச்சோடிய மால்

அந்த இடத்தில் 1976-இல் திறக்கப்பட்டது ‘வால்கோ’ மால். ஒரு காலத்தில் சுற்றுவட்டார மக்கள் எல்லாம் துணி எடுக்க வந்த இடம். ஆன்லைன் வியாபாரமும் பக்கத்து ஊர்களின் புதிய மால்களும் வளர வளர, இங்கே கூட்டம் குறைந்தது. பெரிய கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. 2014 வாக்கில் சாண்ட் ஹில் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் மாலை வாங்கியது. அலுவலகங்கள், கடைகள், வீடுகள் மூன்றும் ஒரே வளாகத்தில். மேலே 30 ஏக்கருக்குத் தோட்டக்கூரை. இதுதான் அந்த நிறுவனம் போட்ட திட்டம்.

இதில் அலுவலகத்துக்கு ஒதுக்கிய இடம் சுமார் 20 லட்சம் சதுர அடி. வீடுகளோ சில நூறுதான். ஊர் இரண்டுபட்டது. ‘டிராஃபிக் தாங்காது, பள்ளிகள் தாங்காது’ என்றது ஒரு தரப்பு. ‘பாழடைந்த மாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ என்றது இன்னொரு தரப்பு.

2016 நவம்பரில் விஷயம் வாக்குச்சீட்டுக்கே வந்தது. அந்த இடம் கடைகளுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே என்று கட்டுப்படுத்தக் கோரியது ஒரு தீர்மானம். நிறுவனத்தின் திட்டத்துக்கு அனுமதி கேட்டது மற்றொன்று. மக்கள் இரண்டையும் தோற்கடித்தார்கள்! அதாவது, ‘இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம்.’ எதுதான் வேண்டும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

வந்தது புதுச் சட்டம்

இதற்கிடையே, மாநில அரசு வேறொரு கணக்குப் போட்டது. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு ஊரும் எட்டு ஆண்டுகளுக்குள் இத்தனை புது வீடுகளுக்கு வழிசெய்ய வேண்டும் என்று இலக்கு உண்டு. பல ஊர்கள் அதைக் காகிதத்தில் மட்டுமே நிறைவேற்றின. எனவே, 2017-இல் ‘எஸ்.பி. 35’ என்ற சட்டம் வந்தது.

வழக்கமாக ஒரு பெரிய கட்டுமானத் திட்டம் வந்தால், சுற்றுச்சூழல் அறிக்கை, மக்கள் கருத்துக் கேட்பு, திட்டக் குழு, நகர மன்ற வாக்கெடுப்பு என்று நீண்ட படிக்கட்டு ஏற வேண்டும். எந்தப் படியிலும் ‘முடியாது’ என்று சொல்லிவிடலாம். புதுச் சட்டமோ, வீட்டு இலக்கை எட்டாத ஊர்களில் இந்தப் படிக்கட்டைக் குறுக்கியது. திட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பரப்பு வீடுகளாக இருக்க வேண்டும். அவற்றில் குறிப்பிட்ட பங்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். எழுதிவைத்த விதிகளுக்குப் பொருந்த வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால், பெரிய திட்டத்துக்கும் 180 நாள்களில் அதிகாரிகள் அனுமதி தந்தாக வேண்டும். பிடித்திருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை.

2018 மார்ச்சில் சாண்ட் ஹில் இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தது. இந்த முறை 2,402 வீடுகள். அதில் பாதி குறைந்த வருமானக்காரர்களுக்கு. அலுவலகம் 18 லட்சம் சதுர அடி, கடைகள் 4 லட்சம் சதுர அடி. செப்டம்பரில் நகர நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே மாலை இடிக்கும் வேலை தொடங்கியது.

எதிர்ப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ‘மூன்றில் இரண்டு பங்கு’ கணக்கே தவறு என்பது அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. 2020 மே மாதம் நீதிமன்றம் அனுமதியை உறுதிசெய்தது.

எதிர்த்தவர்கள் சொன்னது தவறா?

அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு ஊழியருக்கு 200 சதுர அடி என்று வைத்தால்கூட, 18 லட்சம் சதுர அடியில் 9,000 பேர் வேலை பார்க்கலாம். கட்டப்போவது 2,402 வீடுகள். மீதிப்பேர் எங்கே குடியிருப்பார்கள்? வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கவந்த திட்டமே பஞ்சத்தைக் கூட்டாதா? நியாயமான கேள்விதான்.

ஆனால், இதே கேள்வி கொஞ்சம் முன்பே வந்திருக்க வேண்டும். 2011 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் இதே நகர மன்றத்துக்கு நேரில் வந்து, 12,000 பேர் வேலை செய்யும் வட்டவடிவ அலுவலகத்தைக் கட்டப்போவதாக விளக்கினார். 2013-இல் அதற்கு ஒருமனதாக ஒப்புதல் கிடைத்தது. இன்றைய ‘ஆப்பிள் பார்க்’ அதுதான். அந்த வளாகத்தில் ஒரு வீடுகூடக் கிடையாது. வேலைக்குச் சிவப்புக் கம்பளம், வேலை செய்பவர் தங்க இடமில்லை. அந்தப் பாக்கிதான் வால்கோவில் வந்து நின்றது.

கூட்டத்துக்கு வராதவர்கள்

கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு யார் வருவார்கள்? ஏற்கெனவே அந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஓட்டு உண்டு, கவுன்சிலரின் போன் நம்பர் தெரியும். நாளைக்கு அங்கே குடிவர வேண்டியவர்கள் வரமாட்டார்கள். ஊர்க் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர தினமும் தொலைவிலிருந்து கார் ஓட்டிவரும் ஆசிரியருக்கு அங்கே ஓட்டு இல்லை. அவருடைய குரல் எந்தக் கூட்டக் குறிப்பிலும் பதிவாவதில்லை. மாநிலச் சட்டம் அந்தக் குரலுக்காகத்தான் பேசியது. ஆனால், அப்படிப் பேசும்போது உள்ளூர்க்காரர்களின் குரலையும் சேர்த்தே அடக்கிவிட்டது.

அதனால் ஆசிரியருக்கு வீடு கிடைத்ததா? இன்னும் இல்லை. 2024-இல் திட்டம் மறுபடி மாறியது. வீடுகள் 2,669 ஆக உயர்ந்தன. குறைந்த வருமானக்காரர்களுக்கான பங்கோ பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாக, 890 வீடுகளாகக் குறைந்தது. அப்போதும் அங்கே ஒரு குடும்பம்கூட பால் காய்ச்சிக் குடிபோயிருக்கவில்லை. சட்டத்தால் அனுமதியை விரைவாக வாங்கித்தர முடியும். செங்கல் அடுக்க, முதலீட்டாளருக்கு லாபக் கணக்கு ஒத்துவர வேண்டும்.

இதற்கிடையே அடுத்த எட்டு ஆண்டுகளுக்கான இலக்கும் வந்துவிட்டது. முந்தைய முறை 1,064 வீடுகள். இப்போது 2031-க்குள் 4,588 வீடுகள். இனி எங்கே, எவ்வளவு உயரம், யாருக்காக என்று கூப்பர்டினோ தானே முன்வந்து சொன்னால், அதன் பேச்சு எடுபடும். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், முடிவை வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்.